ரொட்டிக் கடையும் முந்திரித் தோப்பும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்தில் புதிதாக ஒரு பேக்கரி திறப்பதற்கு ஏற்பாடுகள் நடைபெறும்போதெல்லாம், "இட்லி உண்ணும் ஊருக்கு ரொட்டி எதற்கு?" என்ற வினா எழுகின்றது. இவ்வினா பழையது. ரொட்டியோ அதனினும் பழையது. யாழ்ப்பாணத்துத் தமிழர் அதனைப் 'பாண்' என்பர். போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது. மத்திய அரசே 1965-ஆம் ஆண்டில் மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சென்னை முதலிய நகரங்களில் ரொட்டி சுட்டு விற்றது. அது 2000-ஆம் ஆண்டில் தனியார் கைக்கு மாறியது. ஆகவே ரொட்டி வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காடுவதில் பயனில்லை. அக்கடை எவருடைய விளைபொருளை வாங்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கோதுமை நம் நிலத்தில் விளைவதில்லை. மைதா வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் சர்க்கரைக்கு அண்டையிலேயே நெல்லிக்குப்பம் ஆலை இருக்கின்றது. பாலும் முட்டையும் நம் வீட்டுக் கொல்லையில் கிடைப்பவை. முந்திரியோ பண்ணுருட்டிச் செம்மண்ணின் செல்வம். இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முந்திரிக் கொட்டையை உடைத்தால் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் பருப்பாகத் தேறும். அதிலும் முழுப் பருப்புக்கே நல்ல விலை. உடைந்த துண்டும் குருணையும் மலிவாகப் போய்விடுகின்றன. ரொட்டிக் கடைக்கு முழுப் பருப்பு தேவையே இல்லை! கேக்கின் மேல் தூவுவது துண்டு; பிஸ்கோத்து மாவில் சேர்வது குருணை. தூத்துக்குடி மக்ரூன் பெயர் பெற்ற பண்டம். முந்திரிப் பருப்பைப் பொடித்து, முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, இரண்டையும் கலந்து இளஞ்சூட்டில் உலர வைப்பதே அதன் செய்முறை. முந்திரி விளையும் நம் ஊரில் அத்தகைய பண்டம் ஒன்று ஏன் பெயர் பெறவில்லை? தோப்பு நம்மிடம் இருந்தும் அடுப்பு நம்மிடம் இல்லாமற் போனதே காரணம் என்பது என் எண்ணம்.

பலாவுக்கும் இது பொருந்தும். பழம் கனிந்துவிட்டால் வியாபாரி சொன்னதே விலை. சுளையைக் கூழாக்கிச் சர்க்கரையுடன் காய்ச்சி வைத்தால், பன்னுக்குள் வைக்கப் பல மாதம் பயன்படும்.

கேழ்வரகு, கம்பு பயிரிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இத்தானியங்களின் மாவில், கோதுமை மாவில் உள்ளதைப் போன்ற பசை இல்லை. எனவே அவற்றை மட்டும் கொண்டு பிசைந்தால் ரொட்டி உப்பி எழாது. கோதுமை மாவுடன் ஒரு பங்கு சேர்க்கலாம். பிஸ்கோத்துக்கு அதனினும் மிகுதியாகச் சேர்க்கலாம். கம்பு ரொட்டி என்று சொல்லி நிறமூட்டிய மைதாவை விற்கும் வித்தை நம் ஊருக்கு வேண்டாம்.

மன்ற உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவையும் உள. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி கடை திறக்குமுன் பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயம். மாவில் சேர்த்து வந்த பொட்டாசியம் புரோமேட் 2016-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. எண்ணெய், கொழுப்புகளில் தீங்கு விளைக்கும் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது 2022 சனவரி முதல் நடைமுறை. விறகு அடுப்பாயின் புகைபோக்கி அண்டை வீட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சவுக்கு விறகு நன்கு எரியும். எனினும் விடியற்காலையில் வீட்டுக்குள் புகும் புகையை எவரும் பொறுக்கமாட்டார்.

நெய்வேலியை மறந்து இப்பேச்சை முடிக்க இயலாது. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின், சுற்றுப்புறக் கிராமங்களின் நிலங்கள் சுரங்கத்திற்குச் சென்றன. அங்கே இரவும் பகலும் முறைவேலை நடக்கின்றது. வேலைக்குச் செல்வோருக்கும் திரும்புவோருக்கும் தேநீரும் பன்னும் வேண்டும். நிலம் கொடுத்த ஊர்களின் முட்டையும் முந்திரியும் அந்நகரியத்தின் தட்டில் இடம் பெறுவது நியாயமன்றோ?

அதற்கு விவசாயியும் ஒழுங்காக நடக்க வேண்டும். ரொட்டிக் கடைக்கு முட்டை நாள்தோறும் தேவை. ஒரு நாள் தவறினால் கடைக்காரர் அடுத்த நாளே வேறிடம் தேடுவார். ஒருவரால் இயலாததைப் பத்து வீடுகள் சேர்ந்து செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு ஏற்றவை. கடைக்காரரும் கடன் சொல்லி இழுத்தடிக்கலாகாது. வாரத்தில் எந்த நாளில் பணம், எந்தத் தரத்திற்கு என்ன விலை என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நலம். முந்திரிக் கொட்டை பங்குனியில் விழத் தொடங்கிவிடும். அதன் பிறகு பேரம் பேசினால் விலை நம் கையில் நில்லாது. கடை திறப்போரைத் தை மாதத்திலேயே சந்தித்து, துண்டுப் பருப்பும் குருணையும் மாதந்தோறும் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.