முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?
ஹார்ட்கோர் பங்க் ஆவணப்படங்களை முன்வைத்து

(ஆவணப்படத் திரையிடல் ஒன்றையடுத்து மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பங்க் என்று சொன்னவுடன் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல் பங்க். அதை விட்டால் எண்பதுகளில் சலூனில் கேட்டு வெட்டிக்கொண்ட பங்க் கட்டிங். நான் பேச வந்திருப்பது இரண்டையும் பற்றி அல்ல. அமெரிக்காவில் 1980 வாக்கில் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் உண்டாக்கிய ஹார்ட்கோர் பங்க் என்கிற இசைக் கலகத்தைப் பற்றியும், அந்தப் பிள்ளைகளுக்கு நரை விழுந்த பிறகு அதைக் குறித்து எடுக்கப்பட்ட ஆவணப்படங்களைப் பற்றியும்.

இப்போது நாம் பார்த்து முடித்தது பால் ராக்மன் இயக்கி 2006-ல் வெளிவந்த 'அமெரிக்கன் ஹார்ட்கோர்'. வெள்ளைக்காரப் பசங்க போட்ட கூச்சலுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். ஒரு கலகத்துக்கு வயசாகும்போது அதன் கதையை யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள், அந்தப் புள்ளிக்கு அப்பால் யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைப் பார்க்க இது ஒரு தெளிவான உதாரணம். அதனால்தான் இந்தப் படம். அதன் கூடவே வைத்துப் பார்க்க வேண்டிய வேறு சில படங்களையும் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த இசை. ஒரு பாட்டு ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். கிதார், பேஸ், டிரம், ஒரு தொண்டை. பயிற்சி, குரு, சபா ஒன்றும் கிடையாது. ரேகன் ஜனாதிபதியாகத் தேர்வான வருஷம் 1980. அந்த அமெரிக்கா தங்களுக்கு வேண்டாம் என்று கத்தியவர்கள் இவர்கள். வானொலி இவர்களைப் போடவில்லை. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் சீந்தவில்லை. அப்ப என்ன பண்ணாங்க? தாங்களே கம்பெனி வைத்துக்கொண்டார்கள். வாஷிங்டனில் இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் பள்ளிப் படிப்பு முடிகிற வயதில், 1980-ல், 'டிஸ்கார்ட்' தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 'பிளாக் ஃப்ளாக்' குழுவின் கிரெக் ஜின் 'எஸ்.எஸ்.டி.' நடத்தினார். டிஸ்கார்டின் ஆரம்பகால இசைத்தட்டு உறைகளை வீட்டில் உட்கார்ந்து கத்தரித்து, மடித்து, கோந்து தடவி ஒட்டியது அந்தப் பிள்ளைகளேதான். நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுத்தது. கச்சேரி நடக்கும் இடம் சர்ச் ஹாலாகவோ, முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டிடமாகவோ, யாராவது ஒருவர் வீட்டு நிலவறையாகவோ இருக்கும். 'யாரும் தர மாட்டான், நாமே செஞ்சுக்குவோம்' என்பதுதான் அதன் அரசியல். சிறுபத்திரிகை நடத்திக் கைப்பணத்தை விட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

'அமெரிக்கன் ஹார்ட்கோர்' படம், ஸ்டீவன் பிளஷ் 2001-ல் எழுதிய புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது. பிளஷ் அந்தக் காலத்தில் கச்சேரிகளை ஏற்பாடு செய்தவர். ராக்மன் அந்தக் குழுக்களை வீடியோ எடுத்தவர். இரண்டு பேருமே வெளியாட்கள் அல்ல. படத்தின் பலமும் அதுதான். நிறம் மங்கிய வீடியோ நாடாக்களில் அந்த வியர்வையும் நெரிசலும் அப்படியே இருக்கிறது. ஆனால் படத்தின் துணைத்தலைப்பிலேயே 1980 முதல் 1986 வரை என்று கோடு போட்டுவிடுகிறார்கள். 86-ல் எல்லாம் முடிந்துவிட்டதாக நடுவயது ஆண்கள் சொல்ல, படமும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பெண்களின் குரல் மிகமிகக் குறைவு.

86-ல் என்ன நடந்தது? 'பிளாக் ஃப்ளாக்' கலைந்தது. 'டெட் கென்னடிஸ்' கலைந்தது. 'மைனர் த்ரெட்' 83-லேயே முடிந்திருந்தது. கச்சேரிகளில் அடிதடி முற்றிப்போய்ப் பலர் வெறுத்து ஒதுங்கினார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனா 'நான் வெளிய வந்துட்டேன்' என்பது வேறு, 'அது செத்துப்போச்சு' என்பது வேறு. தன் வாலிபம் முடிந்த தேதியை ஒரு இயக்கம் செத்த தேதியாக எழுதும் அதிகாரம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? புத்தகமும் கேமராவும் அவர் கையில் இருப்பதிலிருந்து வருகிறது.

அந்தக் கோட்டை ஒட்டியும் அதற்கு அப்பாலும் நடந்ததைப் பாருங்கள். 1985-ல் வாஷிங்டனில், கச்சேரிக் கூடங்களின் முரட்டுத்தனத்தை எதிர்த்துப் புதிய குழுக்கள் கிளம்பின. அந்தப் பருவத்துக்குப் 'புரட்சிக் கோடை' என்றே பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, பொதுக்காரியங்களுக்காக நிதி திரட்டும் கச்சேரிகளை நடத்த ஆரம்பித்தது. 1991 வாக்கில் 'ரயட் கேர்ல்' என்ற பெயரில் பெண்கள் எழுந்தார்கள். ஆண்கள் முட்டிமோதும் மேடை முன்பகுதியைப் பெண்களுக்கு விடச் சொன்னார்கள். தங்கள் மேல் நடந்த வன்முறைகளைத் தாங்களே நடத்திய ஜெராக்ஸ் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவர்களைப் பற்றி கெர்ரி கோச் 2005-ல் 'டோன்ட் நீட் யூ' எடுத்தார். கேத்லீன் ஹானாவைப் பற்றி சினி ஆண்டர்சன் 2013-ல் 'த பங்க் சிங்கர்' எடுத்தார். இரண்டையும் எடுத்தது பெண்கள்தான் என்பது தற்செயல் அல்ல.

அதே 1991-ல் சிகாகோவின் பில்சன் பகுதியில், மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகள் வாழும் தெருக்களில், 'லோஸ் க்ரூடோஸ்' என்ற குழு உருவாகிறது. ஸ்பானிய மொழியில் பாடினார்கள். அதன் பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி உருகுவேயில் பிறந்தவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மேடையிலேயே மறைக்காமல் சொன்னவர். அவரே கேமராவைத் தூக்கி 1999-ல் 'பியாண்ட் த ஸ்க்ரீம்ஸ்' என்ற படத்தை எடுத்தார். சுமார் அரை மணி நேரம்தான். அமெரிக்க லத்தீன மக்களின் ஹார்ட்கோர் பற்றியது. ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவு 1994-ல் கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்பில் வென்றது. பிறகு நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படிப்பட்ட வருஷங்களில் எழுந்த குரல்கள் இவை. இதில்தான் வேடிக்கை இருக்கிறது. ராக்மனின் படம் 'முடிந்தது' என்று சொல்வதற்கு ஏழு வருஷம் முன்பே, 'இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு' என்று காட்டும் படம் வந்துவிட்டது! அப்புறம் 2016-ல் ஏஞ்செலா போட்ரைட் எடுத்த 'லோஸ் பங்க்ஸ்'. லாஸ் ஏஞ்சலஸின் தெற்கிலும் கிழக்கிலும் லத்தீனப் பிள்ளைகள் வீட்டுப் பின்முற்றங்களில் நடத்தும் கச்சேரிகள். 86-ல் இவர்களில் பலர் பிறக்கவே இல்லை.

இன்னொரு பழைய படம். பெனலபி ஸ்ஃபீரிஸ் எடுத்து 1981-ல் வந்த 'த டிக்லைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலிசேஷன்'. இதை மறுபடி நகரத்தில் திரையிடக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் கடிதம் எழுதினார். அதே படத்தை 2016-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது. கலகம் கிழடாகிவிட்டது என்று நம்பிய பிறகு அதிகாரம் அதற்குப் பொன்னாடை போர்த்தும். அந்தப் படத்தில் பாடும் ஆலிஸ் பேக், மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் மகள், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரி. பின்னாளில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 2011-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். முதல் தனி இசைத்தொகுப்பை 2016-ல், அறுபதை நெருங்கும் வயதில் வெளியிட்டார். இவரிடம் போய் 86-ல் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

இப்போது மையமான இடத்துக்கு வருகிறேன். ஹார்ட்கோரின் வேகத்தை உருவாக்கியதில் முதல் வரிசையில் நிற்கும் குழு 'பேட் ப்ரெய்ன்ஸ்'. வாஷிங்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். முதலில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்தவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் வெள்ளைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்களே படங்களில் அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இருபது வருஷம் கழித்து ஒரு கறுப்பினப் பையன் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால், 'இது வெள்ளைக்காரன் பாட்டாச்சே, உனக்கென்ன இங்க வேலை' என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். இந்த அநியாயத்தைத்தான் ஜேம்ஸ் ஸ்பூனர் 2003-ல் 'ஆஃப்ரோ-பங்க்' படத்தில் எடுத்துவைத்தார். கூடத்தில் தன்னைத் தவிர வேறு கறுப்பு முகம் இல்லாமல் நிற்பவர்களிடம் போய் அந்தத் தனிமையைப் பேசச் சொன்னார். நினைவைப் பறித்துவிட்டால் தான் கட்டிய வீட்டிலேயே ஒருவர் விருந்தாளி ஆகிவிடுவார். அந்தப் படம் சொல்வது இதைத்தான்.

அதில் வருகிறவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? மாட் டேவிஸ் 2003-லேயே இளம்வயதில் இறந்துபோனார். தாமார்-காலி இசையை விடவில்லை. 2017-ல் வந்த 'மட்பவுண்ட்' திரைப்படத்துக்கு இசையமைத்தார். 'சைஃபர்' குழுவில் கத்திக்கொண்டிருந்த மோ மிட்செல், கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தில் அமைப்பாளராக வேலை செய்து, 2018-ல் 'வொர்க்கிங் ஃபேமிலீஸ்' கட்சியின் தேசிய இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். கலகம் முதிர்வது இப்படியும் இருக்கும். தொண்டை அதேதான், பேசும் இடம்தான் மாறியது.

அதற்காக எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லவரவில்லை. 'ஆஃப்ரோ-பங்க்' படத்திலிருந்து 2005-ல் புரூக்ளினில் ஒரு விழா பிறந்தது. நுழைவு இலவசம். விழா பெரிசாச்சு, விளம்பரதாரர்கள் வந்தார்கள், 2015-ல் டிக்கெட் போட்டார்கள். பாரிஸ், ஜோகன்னஸ்பர்க் என்று பரவியது. ஸ்பூனர் அதற்கு வெகுமுன்பே விலகிவிட்டார். 'பிளாக் ஃப்ளாக்' கதை இன்னும் கேவலம். பழைய உறுப்பினர்கள் 2013-ல் இரண்டு அணியாகப் பிரிந்து ஒரே பாட்டுகளைப் பாடிக்கொண்டு சுற்றினார்கள். பெயரும் நான்கு கறுப்புப் பட்டைச் சின்னமும் யாருக்குச் சொந்தம் என்று கிரெக் ஜின் கோர்ட்டுக்குப் போனார். சொத்தே வேண்டாம் என்று கத்தியவர்களுக்குச் சின்னமே சொத்தாகிப்போனது.

'பேட் ப்ரெய்ன்ஸ்' குழுவையும் நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1982-ல் ஆஸ்டின் நகரில் தன்பாலீர்ப்பாளரான ஒரு சக பாடகரை அவர்கள் இழிவுபடுத்தியது அந்தக் காலத்து வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் இன்னொருவனை ஒடுக்கினால் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். சொரொண்டெகியின் படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அந்தக் குழுவின் பாடகர் ஹெச்.ஆர். பற்றி ஜேம்ஸ் லாத்தோஸ் 2016-ல் 'ஃபைண்டிங் ஜோசஃப் ஐ' என்ற படம் எடுத்தார். மேடையில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்த மனிதர், மனநோயோடும் தாங்கமுடியாத தலைவலியோடும் போராடுவதைப் பார்க்கிறோம். சிகிச்சைக்கு ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். 2017-ல் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கிதார் வாசித்த டாக்டர் நோ 2015-ல் மாரடைப்பில் விழுந்தபோதும் உண்டியல்தான். எல்லோருக்கும் பொது மருத்துவம் இல்லாத நாட்டில் கலகக்காரனுக்கு முதுமை என்றால் இதுதான். இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய இசையைக் கேட்க வந்தோமா, அவருடைய நோயை வேடிக்கை பார்க்க வந்தோமா?

கடைசியாக, நான் மிகவும் மதிக்கும் ஒரு முதுமையைச் சொல்கிறேன். 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' பற்றி ராபின் பெல் 2014-ல் 'மோர் தேன் எ விட்னஸ்' எடுத்தார். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்டர்சன் பின்னாளில் 'வி ஆர் ஃபேமிலி' என்ற அமைப்பை நடத்தினார். வாஷிங்டனின் ஏழை முதியவர்கள் வீட்டுக்கு மளிகைப் பை தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டும் வேலை. பங்க் பிள்ளைகளும் சேர்ந்து தூக்கினார்கள். வயசானவர்களை வெறுத்துத் தொடங்கிய ஒரு இசை, வயசானவர்களுக்கு அரிசி பருப்பு சுமக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. இதற்கு யாரும் 1986 என்று தேதி போட முடியாது.

அந்த ஊர்க்காரர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். இயன் மெக்கேயின் பிற்காலக் குழுவான 'ஃபுகாசி' 1987 முதல் ஊர் ஊராக வாசித்தபோது கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து வைத்தது. 800-க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள். 2011-லிருந்து அவற்றைத் தேதி, இடம், நுழைவுக் கட்டணத்தோடு பொதுவில் வைக்கத் தொடங்கினார்கள். 2014-ல் வாஷிங்டன் பொது நூலகம் அந்நகர பங்க் இசைக்கென்றே ஒரு ஆவணகம் திறந்தது. நோட்டீஸ், ஜெராக்ஸ் பத்திரிகை, புகைப்படம் எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இதன் அர்த்தம் என்னவென்றால், நாளைக்கு ஒருவர் வந்து 'இதோடு முடிந்தது' என்று படம் எடுத்தால், 'இல்லீங்க, இந்தத் தேதியில இந்த எடத்துல இத்தனை பேர் இருந்தோம்' என்று சொல்லச் சான்று இருக்கிறது.

ஆகவே தோழர்களே, ஒரு இயக்கத்தைப் பற்றி எந்தப் படம் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பேசுகிறவர் எப்போது வெளியேறினார்? அவர் போன பிறகு உள்ளே இருந்தவர் யார்? அவரிடம் கேமரா போனதா? உங்களிடம் இருக்கும் துண்டறிக்கையின் ஓரத்தில் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள். மேடையில் பேசியவர் பெயர் எப்படியும் நிற்கும். சுவரொட்டி ஒட்டியவர், வேன் ஓட்டியவர், ராத்திரி ஐம்பது பேருக்குச் சோறு பொங்கியவர் பெயர்தான் நிற்காது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஒலிப்பதிவு செய்ய இன்று பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

என் பேச்சு நீண்டுவிட்டது. 'பியாண்ட் த ஸ்க்ரீம்ஸ்' படத்தையும் இங்கே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இனி நீங்கள் பேசுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.