கடிகாரம் பார்த்தால் பக்தி குறையுமா?

நடுவர் அவர்களே! "கோயிலுக்குப் போறவன் கடிகாரம் பார்க்கலாமா?"ன்னு கேட்டார் எதிரணி நண்பர். அவரை ஜப்பானிலே ஷிகோகு தீவுக்கு அனுப்பணும். கூகாய் என்ற துறவியின் பேர் சொல்லும் 88 பௌத்தக் கோயில்கள். சுற்றி வர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்தால் ஒன்றரை மாதம், காரில் பத்து நாள்.

கார்தான் இருக்கேன்னு, நாளைக்கு ஒன்பது கோயில்னு வகுத்துடாதீங்க! முதல் கோயிலுக்கும் இரண்டாவதுக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. 37-லிருந்து 38-க்கோ எண்பதுக்கு மேலே! வகுத்தவன் நடுவழியிலே நிற்பான் ஐயா.

ஒவ்வொரு கோயிலிலும் இரண்டு மண்டபம். இரண்டிலும் மெழுகுவத்தி, ஊதுவத்தி, சூத்திர பாராயணம்; அப்புறம்தான் ஏட்டிலே முத்திரை. அந்த முத்திரை அறையை மாலை 5 மணிக்குச் சாத்திடுவாங்க. காலையிலே 7-க்குத் திறந்ததையும் 2024 ஏப்ரலிலிருந்து 8 ஆக்கிட்டாங்க. போச்சா ஒரு மணி நேரம்!

66-ஆவது கோயில் உன்பென்ஜி, 900 மீட்டருக்கு மேலே மலையிலே. ரோப் கார் உண்டு. ஆனா அதுக்கும் நேரம் உண்டு. எழுபத்தைந்து வயசுத் தாயாரோடு போறவன் அதை முதல் நாள் ராத்திரியே பார்த்து வைக்கலைன்னா, அடிவாரத்திலே கார் கதவைத் திறந்துட்டு அந்த அம்மாகிட்ட என்ன சொல்லுவான்? நண்பரே, நீங்களே சொல்லுங்க!