கோல் காத்தவர்
(பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் பங்கு அணியில் ஒரு பையனை பார்வர்ட் இடத்திலிருந்து மாற்றிக் கோலில் நிறுத்தினேன். மறுவாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அவனுடைய தாயார்தான் வந்தார்கள். "ஏன் சார், என் பிள்ளைக்கு ஆடத் தெரியாதென்றா ஒதுக்கிவிட்டீர்கள்?" என்று கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

ஐதராபாத்தில் பிறந்த ஓர் இளைஞர் 1953-ல் இராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் நம் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையம். பெயர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். ஆடியது சென்டர் பார்வர்டாக. கோல் போடுகிற இடம். பிறகுதான் கோல் கீப்பரானார். அதன் பின் நடந்ததைக் கேளுங்கள். 1955-லும் 1958-லும் நம் எம்.ஆர்.சி. அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளில் அவர் இடம்பெற்றார்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. தங்கராஜுக்குக் காய்ச்சல். அவர் ஒதுங்கியிருந்தபோது பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். (அவர் பெயரை யாரும் நினைப்பதில்லை, எனக்கு அதில் வருத்தமுண்டு.) இறுதி ஆட்டத்திற்குப் பயிற்சியாளர் ரஹீம் மறுபடியும் தங்கராஜை இறக்கினார். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் மைதானமே நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். தென்கொரியா ஒன்றே ஒன்றுதான் போட முடிந்தது. தங்கம் நமக்கு.

1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளரானார். 2008-ல் பொகாரோவில் காலமானார்.

நம் மைதானத்தில் கோலில் நிற்க ஏன் ஒருவரும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டால் அட்டைக்கடியோடு போய் எடுத்து வருவது கீப்பர்தான்! வரும் ஞாயிறு முதல் பந்து எடுக்க எல்லோரும் முறை போட்டுப் போக வேண்டும், நானும் போவேன்.

அந்தத் தாயாரும் இங்கே வந்திருக்கிறார்கள். அம்மா, இரண்டாம் பூசை முடிந்ததும் தம்பியை அனுப்பி வையுங்கள். கையுறை வாங்கி வைத்திருக்கிறேன்.