கை மூட்டு வலிக்கிற அப்பாவுக்கு எந்த வண்டி?

வந்த கேள்விகள்ல ஒன்னை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். ராயப்பன்பட்டியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பாவுக்கு 68 வயசு, திராட்சை விவசாயி. ரொம்ப வருஷமா கியர் பைக்தான். இப்போ ரெண்டு கையிலயும் மூட்டுத் தேய்மானம், கட்டைவிரல் அடியில வலி. கிளட்ச் பிடிக்க முடியலை. "கியர் இல்லாத வண்டியில எது வாங்கலாம்ணே?"

இந்த வயசுல வண்டி எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. பன்னீர் திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிறவர்கிட்ட அதைக் கேக்காதீங்க. கவாத்து, மருந்து, அறுப்புன்னு வருஷம் பூரா வேலை. ஒரு நாள் கொடியைப் பாக்கலைன்னா அவருக்குச் சோறு இறங்காது.

எல்லாரும் சொல்ற பதில், "ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுங்க". பாதிதான் சரி. கிளட்ச் போயிரும், உண்மை. ஆனா கிளட்ச் லீவர் இருந்த இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. பின் பிரேக்! பைக்ல வலது கால் செஞ்ச வேலை ஸ்கூட்டர்ல இடது கைக்கு வந்திருது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிகள்ல ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு கட்டாயம் (ஏபிஎஸ் இருந்தா வேண்டாம்). நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரே இடது லீவர் முன் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். சில வண்டிகள்ல அது கொஞ்சம் இறுக்கமாவே இருக்கும்.

இன்னொன்னு. கியர் பைக்ல இறக்கம் வந்தா செகண்டுக்கு மாத்தி இன்ஜினை வச்சே வேகத்தைக் குறைப்போம். ஸ்கூட்டர்ல அந்தப் பிடிப்பு குறைவு. சுமையோட இறங்கினா கைதான் பிரேக்கை விடாம பிடிச்சிருக்கணும்.

இந்தக் கைக்கு ஏத்த அமைப்பு எப்பவோ வந்திருச்சு. ஹோண்டா 1958-ல விட்ட சூப்பர் கப். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில தூக்கிட்டு மறு கையால ஓட்டுற கடைப் பையனை மனசுல வச்சு செஞ்ச வண்டி. கிளட்ச் லீவரே கிடையாது, கியரும் பின் பிரேக்கும் காலுக்கு. இடது கைக்கு வேலையே இல்லை. நம்ம ஊர்ல 1997-ல ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்னு அதே மாதிரி ஒன்னு வந்துச்சு. ஓடலை, நிறுத்திட்டாங்க. எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போ பெரிய பைக்குகள்ல தானா பிடிக்கிற கிளட்ச் எல்லாம் வருது, விலை லட்சக்கணக்குல. தோட்டத்துக்குப் போக அது எதுக்கு?

ஆக, கையில இருக்கிறது மூணு வகை. முதல்ல டிவிஎஸ் எக்ஸ்எல் 100. 90 கிலோகூட இல்லை, சாதாரண ஸ்கூட்டரை விட 15 கிலோவாவது குறைவு. சக்கரம் 16 இஞ்ச். வண்டிப்பாதைக் குழியில சின்னச் சக்கரம் குதிக்கிற குதி நேரா மணிக்கட்டுக்குத்தான் வரும், இதுல அது குறையும். முன்னாடி மூட்டை வைக்கலாம். செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறதைப் பாத்து வாங்குங்க. ரெண்டு பிரேக்கும் டிரம்தான், கையாலதான் பிடிக்கணும்.

ரெண்டாவது, முன்னாடி டிஸ்க் வச்ச 125 ஸ்கூட்டர். டிஸ்க் எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யறதால வலது லீவரை லேசா அழுத்தினா போதும். வலது கை பரவாயில்லைன்னா என் ஓட்டு இதுக்கு. மூணாவது, மின்சார ஸ்கூட்டர். சிலதுல ஆக்சிலேட்டரை விட்டதுமே மோட்டாரே வேகத்தைக் குறைக்கும், பின்னாடி நகர்த்த ரிவர்ஸும் உண்டு. எடை கூட. ஸ்டாண்ட் போடும்போது தெரியும்.

பேப்பர்ல இருக்கிற சிசியையும் மைலேஜையும் விடுங்க. அப்பாவையே கூட்டிட்டுப் போங்க, சர்ப்ரைஸ் வேணாம். வண்டியை நிறுத்தி வச்சு ரெண்டு லீவரையும் இருபது தடவை முழுசா இறுக்கச் சொல்லுங்க. அஞ்சாவது தடவை எல்லாரும் சிரிப்பாங்க, பதினஞ்சாவதுலதான் முகம் மாறும். சாவியைத் திருகச் சொல்லுங்க. கட்டைவிரல் மூட்டுக்கு அதுதான் பெரிய சித்திரவதை. சீட்டுக்கும் பெட்ரோல் மூடிக்கும் தனித்தனியா திருகணுமான்னு பாருங்க. சென்டர் ஸ்டாண்ட் ஒரு தடவை. காலையில எந்திரிச்சதும் விரல் மடங்காம இருக்கும்ல, முடிஞ்சா அந்த நேரத்துல பக்கத்து வீட்டு வண்டியில இதையே செஞ்சு பாருங்க. கடையில பதினோரு மணிக்குப் பாக்கிற கை வேற.

வாங்கின பிறகு, டிரம் பிரேக் கேபிளுக்கு எண்ணெய் விடணும், லீவர் எவ்வளவு தூரத்துல பிடிக்குதுன்னு மெக்கானிக்கை விட்டு சரி பண்ணணும். கைப்பிடி உறையைக் கொஞ்சம் தடிமனா போட்டா பிடிக்க சுகம். ரொம்பத் தடிச்சா விரல் லீவருக்கு எட்டாது.

லைசென்ஸ் தேதியையும் பாத்துக்கங்க. 55 வயசுக்கு மேல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், டாக்டர் சான்றிதழோட.

அந்த இருபது தடவை எந்த வண்டியிலயுமே முடியலைன்னா, வண்டியைத் தள்ளிப் போட்டு முதல்ல எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்க. காலையில ஒரு மணி நேரத்துக்கு மேலயும் விறைப்பு விடலைன்னா, வீக்கமும் இருந்தா, அது வெறும் தேய்மானமா இல்லாம முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு மருந்து வேற.

சுமை ஏத்தி எக்ஸ்எல் ஓட்டுற பெரியவங்க யாராவது இதைக் கேட்டா, சாயங்காலம் உங்க கை எப்படி இருக்குன்னு எழுதுங்க. அந்தத் தம்பிக்கு வாசிச்சுக் காட்டுறேன்.