ஸ்கேனில் தெரியாத வலி

(மம்சாபுரம் பெண்கள் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)



ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ் ஏறி ஏழு வருடம் அலைந்தேன். "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே!" என்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலிக்குக் கர்ப்பப்பை மட்டுமல்ல, சிறுநீர்ப்பை, குடல், இடுப்புத் தசையும் காரணமாகலாம். எண்டோமெட்ரியோசிஸ் நோய் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகும்.

வலியைவிட என்னை வாட்டியது கோபம். பிள்ளையை அடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவேன். ஸபர் இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொள்வேன். பிரசவ வலியில் மர்யம் (அலை) அவர்களே மரணத்தை விரும்பி வாய்விட்டுச் சொன்னதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அதை ஓதிய அன்றுதான் மனம் லேசானது.

பயந்தால் இடுப்புத் தசை இறுகும், இறுகினால் வலி கூடும். வலி ஏறும்போது பல்லைக் கடிக்காமல், வயிறு உப்பும்படி மூச்சிழுத்து மெதுவாக விடுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உச்சிக்குப் போகும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். "இன்னிக்கு வலி நாள், பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க" என்பேன் அவரிடம். (ஆரம்பத்தில் அவருக்குப் புரியவில்லை. மாமிதான் புரியவைத்தார்.) நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து தொழுங்கள்.

தேதி, வலி, மாதவிடாய் மூன்றையும் நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வாழ்வே வெறுத்துப்போனால் 14416. டெலி மனஸ் என்ற அரசு எண், இலவசம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.