அழகு விளம்பரமும் படப் புரட்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முகப்பூச்சு விளம்பரங்களில் வரும் படங்களைப் பற்றியதாகும். இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சாமியார் கொடுத்த விபூதியால் பிள்ளை பிறந்தது என்றால் அது எப்படி என்று கேட்கத் தெரிந்துகொண்ட நம் தோழர்கள்கூட, பத்திரிகையில் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, இந்தக் களிம்பைப் பூசினால் நீங்களும் இப்படி ஆகலாம் என்று சொன்னால், அது எப்படி என்று கேட்பதில்லை. காசைக் கொடுத்து வாங்கிவந்து விடுகிறார்கள். கேள்வி கேட்கும் குணம் கோவில் வாசலோடு நின்றுவிட்டால் போதுமா?

ஓவியன் ஒரு ராணியை வரைகிறான். அவள் முகத்திலுள்ள அம்மைத் தழும்பை விட்டுவிடுகிறான். அவன் கூலி வாங்கினவன், அப்படித்தான் செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். புகைப்படத்தின் சங்கதி அப்படியல்ல. காமிரா கண்டதைக் காட்டும், அதற்குப் பட்சபாதமில்லை என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அதாவது புகைப்படம் ஒரு சாட்சி. சாட்சியைக் கலைத்தால் கோர்ட்டில் குற்றம். கடைத்தெருவில் மாத்திரம் அது வியாபார சாமர்த்தியமாகிவிடுகிறது!

இந்த வேலை நேற்று வந்ததுமல்ல. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் ம்யூனிக் நகரத்துப் படக்காரர் ஹான்ஃப்ஸ்டாங்கல் என்பவர், ஒரே ஆளின் படத்தைத் திருத்தியது ஒன்றும் திருத்தாதது ஒன்றுமாக வைத்துக் காட்டினார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் "டச்சிங்" என்று ஒரு வேலை இருந்தது. முகத்துச் சுருக்கம் நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தைக் கூரிய பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரதியில் சுருக்கம் மறைந்துவிடும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தாத்தாவின் படத்தைக் காட்டி யாரும் களிம்பு விற்கவில்லை. 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தபிறகு, கைதேர்ந்த ஒருவர் மணிக்கணக்கில் செய்த வேலை நிமிஷத்தில் ஆகிறது. தோலின் துவாரங்களை அழிக்கலாம், கண்ணுக்குக் கீழிருக்கும் கருமையை எடுக்கலாம், நிறத்தை வெளுக்கலாம், இடுப்பை இழுத்துச் சிறுக்க வைக்கலாம். இன்று எந்தப் பையன் கையிலிருக்கும் டெலிபோனும் இதைத் தானாகவே செய்கிறது.

இனி, பிரிட்டனில் நடந்த சங்கதிக்கு வருவோம். அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்க விளம்பரத் தர நிர்ணய ஆணையம் என்று ஒன்று உண்டு. 2009-ல் ஓலே கம்பெனியின் கண்பூச்சு விளம்பரம் ஒன்றில் ட்விகி என்ற அம்மையார் தோன்றினார். அவருக்கு அப்போது வயது அறுபது. படத்தில் அந்தக் கண்களைச் சுற்றி அறுபது வயதின் அடையாளமே இல்லை. 700-க்கு மேற்பட்ட புகார்கள் போயின. விசாரித்ததில், பூச்சு வேலை செய்யவேண்டிய அந்தக் கண்ணோரத்திலேயே படத்தைத் திருத்தியிருந்தார்கள் என்பது வெளியாயிற்று. விளம்பரம் தடை செய்யப்பட்டது.

2011-ல் நடந்தது இதைவிட ருசியானது. லோரியால் என்ற பிரெஞ்சு முதலாளிக் கம்பெனிக்குச் சொந்தமான இரண்டு முகப்பூச்சுகளின் விளம்பரங்கள்மீது ஜோ ஸ்வின்சன் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் புகார் செய்தார். ஒன்றில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ்; மற்றொன்றில் கிறிஸ்டி டர்லிங்டன் என்ற அழகி. இரண்டாவது பூச்சின் பெயரே "அழிப்பான்" என்று பொருள்படுவது. கம்பெனியார் என்ன சொன்னார்கள் தெரியுமா? டர்லிங்டன் படத்தில் தோலை வெளுக்கச் செய்ததும், கண்ணைச் சுற்றிய நிழலைக் குறைத்ததும், உதட்டை மழுப்பியதும், புருவத்தைக் கறுக்க வைத்ததும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் அழித்தது பூச்சா, கம்ப்யூட்டரா? ராபர்ட்ஸ் விஷயத்திலோ, திருத்துவதற்கு முந்திய படத்தைக் காட்டுங்கள் என்று ஆணையம் கேட்டபோது, அம்மையாருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இடந்தராது என்றார்கள். அதற்குப் பதிலாக, விழாக்களில் அவர் நடந்துவந்த படங்களைக் கொடுத்து, இவர் தோல் இயற்கையிலேயே பளபளப்பானதுதான் பாருங்கள் என்று சாதித்தார்கள். இயற்கையிலேயே பளபளப்பென்றால் பூச்சுக்கு என்ன வேலை என்று நாம் கேட்கிறோம். ஆணையத்துக்கு நமது கேள்வி தேவைப்படவில்லை. படம் பூச்சின் பலனைத்தான் காட்டுகிறது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லி இரண்டையும் நிறுத்திவிட்டது.

இங்கே ஒருவர் எழுந்து, "ஐயா, பவுடர் பூசுவதும், விளக்கைத் திருப்பி வைப்பதும் மாத்திரம் உண்மையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பவுடரை நீங்களும் வாங்கிப் பூசலாம்; ஜன்னலோரம் நின்றால் உங்கள் முகத்திலும் வெளிச்சம் விழும். ஆனால் கம்ப்யூட்டரில் செய்த வேலை எந்தச் சீசாவிலும் அடைபட்டு வராது. விற்பது ஒன்று, காட்டுவது வேறொன்று. அங்கேதான் புரட்டு ஆரம்பிக்கிறது. 2007-ல் அதே கம்பெனி இமைமயிர் மையை விற்க நடிகை பெனலோபி குருஸின் இமையில் பொய்மயிர் ஒட்டிக் காட்டியதற்கும் கண்டனம் வந்தது. அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியிருக்கவில்லை.

"இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யார் ஏமாறுகிறார்கள்?" என்று சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. யாரும் ஏமாறுவதில்லையென்றால் முதலாளி இத்தனை பணத்தை ஏன் கொட்டுகிறான்? அவன் தர்மத்துக்குச் செய்கிறவன் அல்லவே!

சில தேசங்களில் படத்தின்மேல் சீட்டு ஒட்டச் சட்டம் செய்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 2012-ல் செய்த சட்டம் மறு வருஷம் அமுலுக்கு வந்தது. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரத்தில் வரும் அழகியின் உடலை மெலிய வைத்தோ பருக்க வைத்தோ திருத்தினால் "திருத்திய படம்" என்று போடவேண்டும். தவறினால் 37,500 யூரோ வரையிலோ, விளம்பரச் செலவில் நூற்றுக்கு 30 பங்கு வரையிலோ அபராதம். ஆனால் தோலையும் மயிரையும் பற்றி அதில் பேச்சில்லை, முகப்பூச்சுக்காரன் தப்பித்துக்கொண்டான். நார்வேயில் 2022 ஜூலையில் அமுலான சட்டம் தோலையும் சேர்த்துக்கொண்டது. என்றாலும், சீட்டு ஒட்டியதால் அப்படத்தைப் பார்க்கும் பெண்ணுக்குத் தன் உடலைப்பற்றி வரும் குறை நினைப்பு குறைவதில்லை என்றே பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். "இது பொய்" என்று எழுதிவைத்துப் பொய்யை விற்பதற்கு அனுமதி கொடுப்பதாகத்தான் அது நமக்குப் படுகிறது. பொருளின் பலனைக் காட்டும் இடத்தில் திருத்தவே கூடாது என்ற பிரிட்டன் ஏற்பாடே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சுருக்கத்தைவிடப் பெரிய குற்றமாகக் கருதப்படுவது கறுப்பு. 1975-ல் "ஃபேர் அண்ட் லவ்லி" வந்தது. கறுத்த பெண் அழுத முகத்தோடு நிற்பாள், பூசுவாள், படிப்படியாக வெளுப்பாள், உடனே வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான். சிவப்பு மருமகள் தேடும் பெற்றோர் கூட்டம் முன்பே இருந்தது. முதலாளி அதற்குப் படம் வரைந்து விலை போட்டான். ஆண் தோழர்கள் சிரிக்கவேண்டாம். 2005-ல் எமாமி கம்பெனி உங்களுக்கும் ஒன்று கொண்டுவந்துவிட்டது. 2009-ல் சென்னையிலிருந்து "கறுப்பே அழகு" என்று சில பெண்கள் கிளம்பினார்கள். 2014-ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், கறுத்தவரைத் துக்கப்படுபவராகவோ, வேலைக்கும் விவாகத்துக்கும் தகுதி குறைந்தவராகவோ காட்டக்கூடாது என்று விதி செய்தது. பூசுவதற்கு முந்திய முகத்தில் அழுகையைக் காட்டாதே என்று விதி எழுதவேண்டிய அளவுக்கு நம் வியாபாரிகளின் யோக்கியதை இருந்திருக்கிறது! அமெரிக்காவில் கறுப்பர் கிளர்ச்சி எழுந்த 2020-ல்தான் "ஃபேர்" என்ற சொல் போய், "க்ளோ அண்ட் லவ்லி" ஆயிற்று.

இதே யூனிலீவர் முதலாளிக்குத்தான் "டவ்" சோப்பும் சொந்தம். 2006-ல் டவ்வின் பெயரால் ஒரு சிறு படம் எடுத்து, ஒரு பெண்ணின் கழுத்தை நீட்டிக் கண்ணைப் பெரிதாக்கிப் பலகை விளம்பரமாக்குவதைக் காட்டி, பெண்களே ஏமாறாதீர்கள் என்று உபதேசம் செய்தவர்களும் இவர்களே. ஒரு கையால் கறுப்புக்கு மருந்து, மறு கையால் உள்ளபடியே அழகு என்ற உபதேசம்! அந்தப் படம் நல்ல படம்தான், பள்ளிக்கூடங்களில் காட்டலாம். காட்டும்போது முதலாளியின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நஷ்டம் யாருக்கு? மில்லில் நின்று சம்பாதிக்கும் பெண், சம்பளத்தில் கிள்ளிச் சின்னப் பாக்கெட் வாங்குகிறாள். நான்கு வாரம் பூசுகிறாள். படத்திலிருந்த நிறம் வரவில்லை. படம் பொய் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. தன் தோல்தான் கெட்ட தோல் என்று நினைத்து அடுத்த பாக்கெட் வாங்குகிறாள். பூசை பலிக்காவிட்டால் பக்தி போதவில்லை என்று பூசாரி சொல்வானே, அதே கணக்குத்தான்.

1985-ல் ஏற்பட்ட தரக் கவுன்சில் சர்க்கார் ஸ்தாபனமல்ல. என்றாலும் அதற்கு யாரும் காசில்லாமல் புகார் எழுதலாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போட மத்திய அதிகாரமும் உண்டு. அதில் தோன்றிப் புகழும் நட்சத்திரத்தை ஒரு வருஷம் விளம்பரங்களில் தோன்றாமல் விலக்கவும் இடமிருக்கிறது. தாய்மார்கள் வீட்டிலிருக்கும் விளம்பரத்தையும், வாங்கிய பாக்கெட்டையும், ரசீது இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு, கூட்டம் முடிந்ததும் அந்த மேஜையருகே உட்கார்ந்து நம் தோழர்கள் எழுதிக்கொடுப்பார்கள்.