வயலுக்குள் வந்த வர்த்தமானி

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



பசளையைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டத்தரணிக்கு என்ன தகுதி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். எத்தனை அந்தர் இட்டால் எத்தனை மூடை விளையும் என்பதை நான் உங்களிடம் கற்க வேண்டியவனேயன்றி உங்களுக்குக் கற்பிக்க வந்தவனல்லன். ஆனால் 2021ஆம் ஆண்டில் உங்கள் வயலிலிருந்து யூரியாவைப் பறித்துச் சென்றது வெள்ளமன்று, வறட்சியன்று, பூச்சியுமன்று. அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளிவந்த 2226/48ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியே அது. வர்த்தமானியை வாசிப்பது என் தொழில். ஆகவே வந்தேன்.

நடந்ததை முதலிற் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ அவர்கள் வெளியிட்ட கொள்கைப் பிரகடனத்திலே, பத்து ஆண்டுகளில் நாட்டின் கமத்தொழிலைச் சேதனப் பசளைக்கு மாற்றுவோம் என்ற வாக்குறுதி இருந்தது. பத்து ஆண்டு என்றால் இருபது போகம். இருபது போகத்திலே மண்ணைப் பழக்கலாம், மாட்டைப் பெருக்கலாம், ஊருக்கு ஊர் கூட்டெருக் கிடங்கு அமைக்கலாம். அதைக் கேட்டு எவரும் அஞ்சவில்லை. ஆனால் பதவியேற்று ஒன்றரை ஆண்டு நிறையுமுன், 2021 ஏப்ரல் இறுதியில் மந்திரிசபை தீர்மானித்தது. மே 6இல் இறக்குமதித் தடை வந்தது. பத்து ஆண்டுக்கென்று சொன்ன காரியம் பத்து நாளுக்குள் முடிந்தது.

சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. சிறுநீரக நோய் ஒன்று. அந்நியச் செலாவணி மற்றொன்று. 2020ஆம் ஆண்டிலே பசளை இறக்குமதிக்கு ஏறத்தாழ 26 கோடி டொலர் செலவாயிற்று. திறைசேரியில் டொலர் வற்றிக்கொண்டிருந்த காலம் அது. முதலாவது காரணம் மேடைகளில் உரக்க முழங்கிற்று; இரண்டாவது மெல்லிய குரலிலே சொல்லப்பட்டது. மெல்லச் சொன்னதே மெய்யான காரணம் என்பது என் எண்ணம்.

விளைவை நீங்கள் உங்கள் களத்திலேயே கண்டீர்கள். 2020/21 பெரும்போகத்தில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் விளைந்தது. தடைக்குப் பின் வந்த 2021/22 பெரும்போகத்தில் அது 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே வீழ்ந்தது. 2021 நவம்பர் 24இல் தடையை நீக்குவதாக அறிவித்தார்கள். பயிர் பசளை கேட்ட நாட்கள் பல அதற்குள் கடந்துவிட்டன. தடை நீங்கியபின் கிடைத்த யூரியாவின் விலையோ ஏழைக் கமக்காரனின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மலையகத்திலே கொழுந்து குறைந்தது. கொழுந்தின் நிறையை நம்பி நாட்சம்பளம் பெறும் எம் சகோதரிகளின் கூடையும் இலேசாயிற்று.

ஓர் அந்தர் யூரியாவின் கணக்கு

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். விஞ்ஞானக் கணக்குத்தான், ஆயினும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடியது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ நிறையுள்ள ஓர் அந்தரிலே 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரையிலேயே நைதரசன் இருக்கும். ஒன்றரைப் பங்கு என்று வைத்தாலும், ஓர் அந்தர் யூரியா கொடுப்பதைக் கொடுக்க ஆயிரத்தைந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதிலும் முதற் போகத்திலே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதி மெல்ல மெல்ல வரும். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு அந்தர் யூரியா இடுபவர் நீங்கள். அப்படியானால் ஏக்கருக்கு மூன்று தொன் கூட்டெரு. அத்தனை எருவை யார் ஆக்குவது? எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றுவது? எத்தனை கூலியாள் பரப்புவது? இக்கணக்கைப் போட்டுப் பார்த்த ஒருவராவது அந்த மந்திரிசபையில் இருந்திருந்தால், இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

கணக்குப் போடாதவர்கள் பின்னர் பட்ட பாடு சிரிப்புக்குரியது. சீனத்திலிருந்து 20,000 தொன் சேதனப் பசளை கப்பலேறியது. அதன் மாதிரியில் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாக எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்புப் பகுதியினர் கண்டு மறுத்தார்கள். பசளை இறங்கவில்லை, ஆயினும் 2022 சனவரியில் 67 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை அது! இதற்கிடையே இந்தியாவிலிருந்து நனோ யூரியா விமானத்தில் வந்தது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியாவுக்குச் சமம் என்றார்கள். அப்போத்தலில் நைதரசன் நூற்றுக்கு நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 20 கிராம். 45 கிலோ மூடையிலோ 20 கிலோவுக்கு மேல். இலையிலே தெளிப்பதால் பயன் கூடும் என்று சொல்லலாம். ஆயிரம் மடங்கு கூடும் என்று நெல்லுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

நான் இரசாயனத்துக்கு வக்காலத்து வாங்கி வந்தவனல்லன். வலிகாமத்திலே தோட்டக் கிணறுகளின் நீரில் நைத்திரேற்று அளவுக்கு மேல் ஏறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சுண்ணாம்புக் கல்லின் மேலுள்ள மண்ணிலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போகத்துக்குப் போகம் அள்ளி இட்டதும், அதற்கு மேல் இறைத்ததும், மலக்குழிகளும் அதற்குக் காரணம். அந்நீரை எங்கள் குழந்தைகளே குடிக்கிறார்கள். இதை மறைப்பது பாவம். சிறுநீரக நோயும் வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அழவைத்த மெய்யான நோய். அதன் மூலகாரணம் இன்னதென்று அறிவியலாளர் ஒருமுகமாய் முடிவு கூறவில்லை. ஆனால் நோயுள்ளவனுக்கு மருந்து எழுதுவது வேறு; ஊருக்கெல்லாம் ஒரே நாளில் சோற்றை நிறுத்துவது வேறு.

எதிர்த்துப் பேசிய அறிஞர்களுக்கு என்ன நடந்தது? பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பயிரியற் பேராசிரியர் புத்தி மாரம்பே இத்தடையின் விளைவை வெளிப்படையாக எச்சரித்தார். விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து அவர் நீக்கப்பட்டார். 2021 டிசம்பரில் அமைச்சின் செயலாளரே உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று சொன்னார். அவரும் பதவி இழந்தார். இருவரும் சிங்களவர். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். அனுராதபுரத்திலும் பொலநறுவையிலும் வீதிக்கு வந்து மந்திரியின் கொடும்பாவியைக் கொளுத்திய கமக்காரரும் சிங்களவரே.

எங்களுக்கு இது புதிதன்று என்பது மட்டுமே வேறுபாடு. 1990களிலே யூரியா வெடிமருந்தாகும் என்று கூறி, அவசரகால விதிகளின் பெயரால் வடக்குக்கு அதை வரவிடாது தடுத்தார்கள். சீமெந்து, மின்கலம், எரிபொருள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2002 சனவரியிலே அத்தடை நீங்கிற்று. இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் அக்காலத்தில் குப்பை எருவையும் பனையோலையையும் தாழ்த்திப் பயிர் செய்தவர்கள். யூரியா இல்லாத வயல் எப்படி இருக்கும் என்று கொழும்பு அறிய விரும்பியிருந்தால், அதற்கு ஒரு ஆராய்ச்சிச் சபை வேண்டியிருக்கவில்லை. இந்த வாங்கில் இருப்பவர்களைக் கேட்டிருக்கலாம்.

எந்தச் சட்டம் இடம் கொடுத்தது?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பசளைக்கென்று இந்நாட்டிலே 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பீடைநாசினிக்கென்று 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இரண்டிலும் துறையறிந்தோர் ஆலோசனைக் குழுக்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2021இலே அந்த வாசலால் அரசாங்கம் வரவில்லை. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டம் என்னும் வேறொரு வாசலால் வந்தது. ஆடம்பரப் பொருளையும் அத்தியாவசியப் பொருளையும் தரம் பிரித்து அனுமதிப்பத்திரம் கொடுக்க உதவும் சட்டம் அது. அதில் அறிவியலாளனுக்கு ஆசனம் இல்லை. கமக்காரனுக்குத் திண்ணையும் இல்லை. ஒழுங்குவிதியை ஆக்கியவர் விவசாய மந்திரியுமல்லர், நிதி மந்திரி. வர்த்தமானியில் வந்தவுடன் விதி நடைமுறைக்கு வந்துவிடும். பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பின்னரே கேட்பார்கள். பாராளுமன்றம் வாய் திறக்குமுன் துறைமுகக் கதவு மூடப்பட்டாயிற்று.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கூறுகிறது, எத்தனை நாளுக்குள்? ஒரு மாதத்துக்குள். நன்றாகக் கவனியுங்கள். வர்த்தமானி வந்தது மே 6. காலபோக நெல்லை நீங்கள் அறுத்தது அடுத்த ஆண்டு மாசி, பங்குனியில். பட்ட நட்டம் இவ்வளவு என்று கமக்காரன் அறியும் நாளுக்கும் வழக்குத் தொடுக்கும் தவணைக்கும் இடையே ஒன்பது மாதம் கிடக்கிறது. அந்த ஒரு மாதத்திலும், மே 21 முதல் கொரோனாப் பயணக்கட்டுப்பாடு. வீட்டுப் படலையைத் தாண்ட முடியாத நாட்கள் அவை. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அத்தவணையிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. அதை உங்களுக்கு உரிய வேளையிற் சொல்ல வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள். நான் சொல்லவில்லை. அவ்வர்த்தமானியை மே மாதத்திலேயே வாசித்தேன். இது டொலர் விவகாரம், எங்களுக்கு என்ன என்று மடித்து வைத்துவிட்டேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இம்மேடையில் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சி பற்றிய வழக்குகளில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கிற்று. முன்னாள் ஜனாதிபதி உட்பட ராஜபக்ஷ சகோதரர் மூவரும் வேறு சில உயர் அதிகாரிகளும் பொதுமக்கள் வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று அது தீர்த்தது. வரலாற்றில் நிற்கும் தீர்ப்பு. ஆனால் மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா என்றதேயன்றி, வயலில் இழந்தவனுக்கு அதனால் ஒரு மூடை நெல்லும் வரவில்லை. 2022 சனவரியில் அரசாங்கம் நெற்செய்கையாளருக்கு 40,000 மில்லியன் ரூபா நட்டஈடு என்று அறிவித்தது. அதில் உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்பதை நீங்களே சொல்லவேண்டும், அதற்கே இக்கூட்டம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பதின்மூன்றாவது திருத்தத்தின்படி கமத்தொழில் மாகாணசபைக்குரிய விடயம். இறக்குமதி மத்திய அரசாங்கத்துக்குரியது. ஆகவே விதையிட்டு விளைவிப்பது மாகாணத்தின் பொறுப்பு. விளைவிக்கும் பொருளை நிறுத்துவது கொழும்பின் அதிகாரம்! அதையும் எதிர்த்துக் கேட்க 2021இலே வடக்கில் சபை இருந்ததா? 2018 அக்டோபரிலே வடமாகாண சபையின் ஆயுள் முடிந்தது; தேர்தல் நடக்கவில்லை; நிர்வாகம் ஆளுநரின் கையில். எங்கள் மாகாண விவசாயப் பகுதி உத்தியோகத்தர் நல்லவர்கள். தடை நல்லதன்று என்று தனியே சொன்னவர்கள் பலர். காலையில் எழுந்து கூட்டெரு செய்யும் வகுப்பு நடத்தவே அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

ஆட்சி மாறியது; 1969ஆம் ஆண்டுச் சட்டம் மாறவில்லை. நாளைக்கு வேறொரு மந்திரி, வேறொரு காரணம், விதையோ மருந்தோ வேறொரு பொருள். அதே வாசல் திறந்தே கிடக்கிறது. ஆகவே நாம் கேட்பது, விதை, பசளை, பீடைநாசினி ஆகியவற்றைத் தொடும் எந்த ஒழுங்குவிதியும் பாராளுமன்றம் அங்கீகரித்த பின்னரே நடைமுறைக்கு வரவேண்டும் என்பதை. அறிவியற் குழுவின் அறிக்கை மூன்று மொழியிலும் முன்கூட்டியே வெளிவர வேண்டும். மாகாணத்தின் கருத்தைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது. விதைத்த போகம் முடியுமுன் எந்தத் தடையும் அந்தப் போகத்தைத் தொடலாகாது. இந்தக் கடைசிக் கோரிக்கையை விட்டுக்கொடுத்தால் மற்றவை கிடைத்தும் பயனில்லை என்று நான் கருதுகிறேன்.

வாயிலருகே மேசையில் இரண்டு கடதாசி வைத்திருக்கிறோம். ஒன்று மேற்சொன்ன கோரிக்கை. வாசித்துச் சம்மதமானால் ஒப்பமிடுங்கள். மற்றது படிவம். உங்கள் கமநல சேவை நிலையம், செய்த வயலின் அளவு, 2020/21 காலபோகத்திலும் 2021/22 காலபோகத்திலும் எடுத்த நெல், கிடைத்த நட்டஈடு ஆகியவற்றை எழுதுங்கள். மூடைக் கணக்கிலே எழுதினாற் போதும். கிலோவாக மாற்றுவது எங்கள் வேலை. இவற்றைத் தொகுத்து, எவ்வளவு நட்டஈடு எங்கே கொடுக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். பதினான்கு வேலைநாளுக்குள் அவர்கள் தீர்மானம் கூறவேண்டும். பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலத்தை எவரிடமும், என்னிடமும்கூட, கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன். முன்வரிசையில் கையுயர்த்தியிருக்கும் அம்மா முதலில் பேசட்டும்.